படிகம் கண்ட ஸம்னர்

தமிழ் பயிலும் மாணாக்கராகிய நாம் இரசாயன நூலார் ஒருவரது வரலாற்றை எழுதப் புகுந்தமை அன்பர் சிலர்க்கு வியப்பாதல் கூடும். காரணத்தை முதற்கண் கூறிவிடுகின்றோம். நம் விடுதியில் அடுத்த அறையில் வாழும் விஞ்ஞான மாணவத் தோழர் ஒருவர், கோழிமுட்டையின் வெண்கருவிலுள்ள புரதமொன்றைப் படிகமாக்க முயன்று மூன்று வாரம் ஊணும் உறக்கமும் மறந்திருந்தார். சோதனைக்கூடத்தினின்று மீளுந்தோறும் அவர் கொணர்ந்த செய்தி ஒன்றே; படிகம் வரவில்லை, கரைசல் கலங்கிவிட்டது என்பதே அது. கரைந்த பொருளைக் கரைந்த நிலையிலேயே நிறுத்தி வைத்தலன்றோ அரிது என்று அவர் வருந்தினார். அதில் என்ன அருமை உளது என்று நாம் நகைத்தோம். நகைத்ததற்குத் தண்டமாக அவர் நம் கையில் ஒரு நூலைத் தந்தார். அதன்கண் ஜேம்ஸ் பாட்செலர் ஸம்னர் என்னும் அமெரிக்கப் பேராசிரியரின் சரிதத்தைக் கண்டோம். படித்து முடித்தபின் நகைப்பு ஒழிந்தது.

ஸம்னர் 1887-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 19-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்துக் கான்டன் என்னும் ஊரிற் பிறந்தார். குடி செல்வக்குடி. அவர்தம் முன்னோர் 1636-இல் இங்கிலாந்தினின்றும் போந்து பாஸ்டன் நகரிற் குடியேறிய ப்யூரிட்டன் கிறிஸ்தவர் ஆவர். ராக்ஸ்பரி லத்தீன் பாடசாலையில் அவர் பயின்ற காலத்துப் பௌதிகமும் இரசாயனமும் இனித்தன; ஏனைய பாடங்கள் யாவுங் கசந்தன. துப்பாக்கியின்மீது பெருவிருப்பு உண்டு. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் வேட்டைக்குச் செல்வார். பதினேழாம் வயதிற் காட்டுக்கோழி வேட்டையாடச் சென்றவிடத்து, உடன் வந்தவரது துப்பாக்கிக் குண்டு தவறி அவரது இடக்கையிற் பாய்ந்தது. முழங்கைக்குச் சற்றுக் கீழே கையை வெட்டி நீக்க நேர்ந்தது. அவரோ இயல்பிலேயே இடக்கையர்! எழுதுதலும் எறிதலும் உண்ணுதலும் பழகிய கையே போயிற்று.

அதன்பின் அவர் செய்ததைக் கேண்மின். எஞ்சிய வலக்கைக்கு எல்லாத் தொழிலையும் புதிதாய்ப் பயிற்றினார். அம்மட்டோ? பந்தாட்டமாகிய டென்னிஸ், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ், எறிந்த களிமண் தட்டைச் சுட்டு வீழ்த்துதல் என்று இருகையுடையாரே இடர்ப்படும் விளையாட்டுக்களையெல்லாம் வலிந்து மேற்கொண்டு அவற்றில் வல்லவரானார். தம் கையை வாங்கிய துப்பாக்கியை அவர் வெறுத்திலர் என்பது நமக்கு வியப்பளிக்கின்றது.

1906-இல் ஹார்வர்டு சர்வகலாசாலை புகுந்து, இரசாயனத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு 1910-இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சின்னாள் தம் உறவினரொருவர் பருத்தி நூல் கொண்டு ஆடை பின்னும் ஆலையில் வேலை பார்த்தார், மனம் ஒட்டவில்லை. கானடா நாட்டு மவுண்ட் அலிஸன் கலாசாலையில் ஒரு பருவமும், வூஸ்டர் தொழிற்கலாசாலையிற் சிறிது காலமும் துணையாசிரியராயிருந்தபின், 1912-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஆட்டோ போலின் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடஞ் சென்று உயிரிரசாயனம் பயில வேண்டி நின்றார். போலின் அவரை மேலுங் கீழும் நோக்கி, ஒற்றைக்கையர் இரசாயனத்தில் வெற்றி காண்டல் அரிதாதலின் சட்டம் பயிலுதலே தக்கதென்று அறிவுரை கூறினார்.

இவ்விடத்து வரலாறு எழுதுவோர் பலர் போலினைக் குறைகூறிச் செல்வர். நாம் அவ்வாறு கூற ஒருப்படோம். சோதனைக்கூடத்தில் ஒரு கையாற் குடுவையைப் பற்றி மறுகையால் அமிலத்தை வார்த்தலும், ஒரு கையால் அளவுக்குழாயை நிறுத்தி மறுகையால் அடைப்பைத் திருகுதலும் நாழிகைதோறும் நிகழ்வன. தந்தையாயினும் அவ்வுரையே கூறியிருப்பார். உரைத்தவர் பின்னர்க் கதவை அடைத்துவிடவுமில்லை. ஸம்னர் விடாப்பிடியாக நின்றமை கண்டு அவரை ஏற்றுக்கொண்டார். விலங்கின் உடலில் யூரியா என்னும் பொருள் உண்டாகும் வகையை ஆராயச் செய்தார். 1914-இல் ஸம்னர் டாக்டர் பட்டம் பெறுவதற்குக் காரணமாகவும் நின்றார். யூரியாவோடு அன்று தொடங்கிய பழக்கமே ஸம்னரின் வாழ்வு முழுவதையும் நடத்தியது.

பட்டம் பெற்றபின் அவர் ஐரோப்பாவிற் பயணஞ் செய்கையில் முதல் உலகப்போர் மூண்டது. சுவிட்ஜர்லாந்தில் ஒரு திங்களளவு வெளியேற வழியின்றித் தங்கினார். ஆண்டு அவரைத் தேடி ஒரு தந்தி வந்தது. நியூயார்க் மாகாணத்து இதாக்கா நகரிலுள்ள கார்னெல் சர்வகலாசாலையில் உயிரிரசாயனத் துணைப்பேராசிரியர் பதவியை ஏற்க வருமாறு அஃது அழைத்தது. அவர் ஏற்றார். அவ்வூரே அவர்க்கு இறுதிவரை இருப்பிடமாயிற்று.

நிற்க. அக்காலத்து அறிஞரிடையே நிலவிய வழக்கொன்றை ஈண்டுக் கூறவேண்டும். சோறு செரித்தல், மாவு புளித்தல், விதை முளைத்தல் ஆகிய செயல்கள் யாவும் நொதி என்னும் பொருள்களால் நிகழ்வன. மேனாட்டார் இவற்றை என்ஸைம் என்பர். ஒரு துளி நொதி, தான் அழியாமலே, மலையளவு பொருளை மாற்றவல்லது. நொதியின் செயலை எல்லாருங் கண்டனர். நொதியை ஒருவருங் கண்டிலர். தூய நொதி இஃதென்று காட்ட வல்லார் இல்லாமையின், அது புரதமே என்பாரும், புரதத்தின்மேல் ஒட்டிக்கொண்டு வரும் வேறோர் நுண்பொருள் என்பாரும் எனக் கட்சிகள் பிரிந்தன. பின்னைய கட்சிக்குத் தலைவர் ஜெர்மானியப் பேரறிஞர் ரிச்சர்டு வில்ஸ்டாட்டர். 1915-இல் நோபெல் பரிசு பெற்றவர். அவரும் அவர்தம் மாணாக்கரும் நொதிக் கரைசல்களைத் தூய்மை செய்து கொண்டே சென்று, இறுதியிற் புரதத்தைக் காட்டும் சோதனைகளுக்கு ஒன்றும் புலப்படாத நிலையிலும் நொதியின் ஆற்றல் எஞ்சியிருக்கக் கண்டனர். ஆதலின் நொதி புரதமன்று என்று முடிவு கட்டினர். மிகச் சிறிதளவு புரதத்தை அச்சோதனைகள் காட்டமாட்டா என்பது அவர்க்குத் தோன்றவில்லை.

1917-இல் ஸம்னர் ஒரு நொதியைத் தூயதாய்ப் பிரித்தெடுப்பதென்று துணிந்தார். கற்பிக்குஞ் சுமையோ பெரிது, கருவி குறைவு, பொருளுதவி குறைவு, துணைவர் குறைவு. அறிந்தோர் பலர் இம்முயற்சி பேதைமை என்றனர். சிறு ஆராய்ச்சி பல செய்து காலங்கழிப்பதினும் பெரிது ஒன்றைக் குறிவைத்துத் தவறுதல் மேல் என்பது அவர் எண்ணமாயிருந்தது. யூரியாவை அம்மோனியாவும் கரியமில வாயுவுமாகச் சிதைக்கும் யூரியேஸ் என்னும் நொதியை அவர் தேர்ந்துகொண்டார். ஜாக் அவரை எனப்படும் ஒரு விதையில் அது மிகுந்துள்ளது. நம் நாட்டிற் கொல்லைகளிற் படரும் வாளவரைக்கு அது நெருங்கிய இனம்.

இனி, புரதங் கரைதலின் இயல்பைச் சிறிது விளக்குவோம். ஸம்னரின் ஒன்பதாண்டு உழைப்பின் உயிர்நிலை அதுவே. உப்புங் கற்கண்டும் நீரிற் கரைவன. நீர் வற்றின் மீண்டும் படிகமாவன. இதற்கிடையே அவற்றின் தன்மை கெடுவதில்லை. புரதமோ அத்தகையதன்று. அது பல்லாயிரம் அணுக்களைக் கோத்த நெடுஞ்சங்கிலி. ஓர் ஒழுங்குபற்றி மடிந்து உருண்டு நிற்பது. அதன் புறத்தே நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் ஆங்காங்கு அமைந்திருத்தலின் நீர் அதனைச் சூழ்ந்து தாங்குகின்றது. வெப்பம் மிகின் மடிப்பு அவிழும். அகத்தே மறைந்திருந்த, நீரோடு ஒவ்வாத பகுதிகள் வெளிப்பட்டு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். வெந்த வெண்கரு மீண்டுங் கரையாமை காண்க. புளிப்பு ஒரு குறித்த அளவை எய்தின், இருவகை மின்னூட்டமும் ஈடாகித் துகள்கள் ஒன்றையொன்று விலக்குதல் ஒழிந்து திரளும். பால் திரிதல் இவ்வகைத்து. உப்புச் சிறிதாயின் கரைதற்குத் துணை செய்யும். மிகுதியாயின் நீரைத் தான் கவர்ந்துகொண்டு புரதத்தை வெளியே தள்ளும். எந்த உப்பு எவ்வளவு தள்ளும் என்பதைப் பிராக் நகரத்து ஹாப்மைஸ்டர் என்பார் முன்னரே வரிசைப்படுத்தியிருந்தார். 1889-இல் அவர் அம்மோனியம் ஸல்பேட் என்னும் உப்பைக் கொண்டு முட்டைப் புரதத்தைப் படிகமாக்கியும் இருந்தார். யூரியேஸுக்கோ மற்றுமோர் இடையூறு உண்டு. வெள்ளி, பாதரசம் முதலியவற்றின் உப்புக்கள் மிகச் சிறிதளவு கலப்பினும் அதன் ஆற்றல் அழிந்துபோம்.

ஆதலின் கரைசலினின்று புரதம் வெளிப்படுதற்கு இருவழி உண்டு. விரைந்து தள்ளப்படின், திருவிழாவில் தீப்பிடித்த பந்தலினின்று ஓடும் மக்களைப்போல ஒழுங்கின்றிக் குவிந்து வண்டலாகும். மெல்ல மெல்ல இடங்கொடுப்பின், ஒன்றன் அருகில் ஒன்றாய் முகம் பொருந்தி அமர்ந்து படிகமாகும். படிகம் வேண்டுவார் புரதத்தைக் கரைசலின் எல்லைவரை கெடாமற் கொண்டுசென்று, அவ்வெல்லையிலேயே நெடுநேரம் நிறுத்தல் வேண்டும். தமிழிற் கரை என்னுஞ் சொல் நீரின் எல்லையையுங் குறிக்கும், நீரோடு கலந்து ஒன்றாதலையுங் குறிக்கும் அன்றோ? இரண்டும் ஒரு வேரினவோ அல்லவோ, நம் ஆசிரியர்கள் தீர்ப்பார்களாக; ஸம்னர் நின்ற இடம் அவ்விரண்டும் கூடும் இடம் என்பதுமட்டும் நமக்குப் புலனாகின்றது.

அவரை மாவிலுள்ளது யூரியேஸ் ஒன்றன்று. மாவும், பிசினும், வேறு புரதங்களும் அதனிடை உள்ளன. வெறு நீரிற் கலக்கினால் எல்லாங் கலந்து வரும். நூற்றுக்கு 30 பங்கு மதுச்சாரம் சேர்த்த நீரில் யூரியேஸ் கரைகின்றது, பிறவற்றுட் பல கரையாது நின்றுவிடுகின்றன என்று ஸம்னர் கண்டார். அக்கரைசலை நீர் உறையும் நிலைக்குங் கீழே குளிர்வித்தால் யூரியேஸ் வெளிப்படும். ஆயின் அவர் கூடத்திற் பனிப்பெட்டி இல்லை! மாலையிற் கரைசல் நிறைந்த கண்ணாடிக் குழல்களைச் சாளரத்துக்குப் புறத்தே திண்ணையில் வைத்துவிட்டு, இரவு நன்றாய்க் குளிரவேண்டும் என்று வேண்டிக்கொள்வாராம். நம் ஊர்களில் மழையை நோக்கியிருக்கும் உழவரைப்போல அவர் பனியை நோக்கியிருந்தார். பின்னர்ப் பனிப்பெட்டியும் வந்தது. வண்டல் கிடைத்தது, ஆற்றல் மிகுந்தது, படிகம் மட்டும் வரவில்லை.

1919-இல் அவ்விதையினின்றே படிகங்கள் கிடைத்தன. ஆனால் அவை யூரியேஸ் அல்ல, வேறு புரதங்கள். அவற்றுக்குக் கான்கானவாலின் என்று பெயரிட்டு அப்பால் வைத்தார். தேடியது கிட்டாது தேடாதது கிட்டியபொழுது அவர் மனம் எவ்வாறிருந்ததோ! (அக்கான்கானவாலின் பிற்காலத்து உயிர்நூலார்க்குப் பெரும்பயன் தந்தது தனிக்கதை.)

1921-இல் பெல்ஜியம் சென்று ஆராய்வதற்கு உதவிப்பணம் ஒன்று கிடைத்தது. பிரஸ்ஸல்ஸ் நகரில் நொதிகளைப்பற்றி நூல்கள் இயற்றிய ழான் எப்ரோன் என்பாரிடம் பணிசெய்ய விரும்பினார். யூரியேஸைத் தனியே பிரித்தெடுக்கும் எண்ணத்தைக் கேட்ட எப்ரோன் அது நகைக்கத் தக்கதென்று கருதவே, அத்திட்டம் நின்றது. ஸம்னர் இதாக்காவுக்கு மீண்டு விட்ட இடத்திலே தொடங்கினார். நான்காண்டு சென்றன, பயனில்லை, பின்னும் ஐந்தாண்டு. மாணாக்கர்க்கு ஒரு பருவத்தேர்வில் தவறினாலே உலகம் முடிந்ததுபோல் தோன்றுகின்றது. இவர் ஒன்பதாண்டுத் தேர்வெழுதினார், விடை உண்டோ இல்லையோ என்பதே தெரியாமல்.

1926-ஆம் ஆண்டு அவர் ஒரு சிறு மாற்றஞ் செய்தார். மதுச்சாரத்துக்கு மாறாக அசிட்டோன் என்னும் நீர்மத்தை எடுத்துக்கொண்டார். நூற்றுக்கு 31.6 பங்கு அசிட்டோன் கலந்த நீர் 500 கன சென்டிமீட்டரில் 100 கிராம் அவரைமாவைக் கலக்கி, வடிதாளில் ஊற்றிப் பனிப்பெட்டிக்குள் வைத்துவிட்டு வீடு சென்றார். காலையில் வந்து நோக்க, சிறிதளவே வடிந்திருந்தது. அதில் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியின்கீழ் வைத்தார். எட்டு முகங்கொண்ட சின்னஞ்சிறு படிகங்கள் மின்னின. அவை ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றிலொரு பங்களவேயுடையன. முன் கண்டவை அல்ல, புதியன. சுழற்றிப் பிரிக்கும் பொறியிலிட்டு அவற்றைத் திரட்டினார், நீரில் இட்டார், கரைந்தன. அந்நீரைச் சோதித்தார், புரதத்துக்குரிய அடையாளங்கள் யாவும் இருந்தன. யூரியாவோடு கலந்தார், ஆற்றலோ அளவிறந்தது. உடனே தொலைபேசியை எடுத்து, முதல் நொதியைப் படிகமாக்கிவிட்டதாகத் தம் மனைவிக்கு அறிவித்தார்.

அறையின் வெப்பத்தில் யூரியேஸைக் கெடாது தாங்கி, குளிர ஏறவேற மெல்லக் கைவிடும் நீர்மம் அது. இரவு முழுதும் ஒருவர் கையுந் தொடாமல், துளித்துளியாய் வடிகையிலேயே அது தன் வேலையைச் செய்தது. ஒற்றைக்கையர் இதனைச் செய்தார் என்று உலகம் வியக்கும். நாம் வியப்பது வேறு: அன்றிரவு அவர் கையே வேண்டியிருக்கவில்லை, எந்த நீர்மம், எத்தனை பங்கு, எவ்வளவு குளிர் என்னும் அறிவே வேண்டியிருந்தது. அவ்வறிவுக்கு ஒன்பதாண்டு விலை.

அறிஞருலகம் ஆரவாரித்து வரவேற்றதோ? இல்லை. சிலர் நம்பவில்லை; பலர் கவனிக்கவேயில்லை. வில்ஸ்டாட்டர் கட்சியார், படிகத்திலுள்ளது புரதமே, நொதி அதன்மேல் ஒட்டிவந்த அழுக்கே என்றனர். இவ்வாதத்தை வீம்பு என்று தள்ளிவிட இயலாது. படிகத்துக்குள் பிறபொருள் சிக்குதல் உண்டு. படிகமாயிற்று என்பதனாலேயே தூயதென்று கொள்ளலாகாது. வில்ஸ்டாட்டர் சிறுமையாளரும் அல்லர். யூதரை வெறுப்போர் செயலைக் கண்டிக்கும்பொருட்டு 1924-இல் மியூனிக் சர்வகலாசாலைப் பதவியையே துறந்த மானமுடையவர். ஆயினும் இவ்வழக்கில் அவர் தவறினார். ஸம்னர் படிகங்களைக் கரைத்து மீண்டும் படிகமாக்கினார். ஆற்றல் படிகத்தைவிட்டுப் பிரியவில்லை. முயல்களின் உடலிற் செலுத்தி, யூரியேஸை எதிர்க்கும் மாற்றுப்பொருள் அவற்றின் குருதியில் தோன்றச் செய்தார். சான்றின்மேற் சான்றாக அடுக்கிக்கொண்டே சென்றார். 1929-இல் கார்னெல் அவரை முழுப்பேராசிரியராக்கியது.

வழக்கை முடித்தவர் பிறிதொருவர். ராக்பெல்லர் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஜான் நார்த்ராப் 1930-இல் வயிற்றிற் சுரக்கும் பெப்ஸின் என்னும் நொதியைப் படிகமாக்கினார். பின்னும் அவர் குழுவினர் பல நொதிகளைப் படிகமாக்கினர். அவையனைத்தும் புரதங்களே. 1935-இல் வெண்டல் ஸ்டான்லி என்பார் புகையிலை நோய்க்குக் காரணமாகிய வைரஸையே படிகமாகக் காட்டினார். ஸம்னர் தனித்து நின்று சொன்னது பலர்வாய்ச் சொல்லாயிற்று. 1937-இல் ஸம்னர் தாமும் டௌன்ஸ் என்னும் துணைவருமாக மாட்டின் ஈரலினின்று காடலேஸ் என்னும் நொதியைப் படிகமாக்கினார். அவ்வாண்டிலேயே சுவீடன் சென்று உப்ஸாலாவில் ஸ்வெட்பெரி அவர்களின் கூடத்தில் ஐந்து திங்கள் ஆராய்ந்தார்.

1946-ஆம் ஆண்டு இரசாயனத்துக்குரிய நோபெல் பரிசிற் பாதி ஸம்னருக்கும், மறுபாதி நார்த்ராப், ஸ்டான்லி இருவருக்கும் அளிக்கப்பெற்றது. படிகம் கண்டு இருபதாண்டு கழிந்திருந்தன. சட்டம் பயிலச் சொன்ன போலின் 1934-லேயே காலஞ்சென்றார். வில்ஸ்டாட்டர் 1942-இல், நாடிழந்து சுவிட்ஜர்லாந்தில் உயிர்நீத்தார். அவ்விருவருள் ஒருவரேனும் அந்நாளைக் கண்டிருக்கலாகாதோ என்று நம் உள்ளம் ஏங்குகின்றது. ஸம்னர் அவர்களை எள்ளி நகையாடினார் என்று எங்குங் கேட்டிலோம். 1947-இல் கார்னெலில் அவர்க்கென்றே நொதியிரசாயனக் கூடம் ஒன்று அமைந்தது. ஓய்வுபெறுங் காலத்துப் பிரேஸில் நாடு சென்று ஓர் ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவ எண்ணியிருந்தார். அதற்குள் புற்றுநோய் கண்டது. 1955-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12-ஆம் நாள் பபலோ நகர மருத்துவசாலையில் இறந்தார்.

யூரியேஸின் கதை அவரோடு முடியவில்லை. அப்படிகங்களுக்குள் நிக்கல் என்னும் உலோகம் உளது என்பது 1975-இல் தெரிந்தது. ஸம்னர் அதனை அறிந்திலர். புரதத்தின் உள்ளமைப்பைக் காண்பதற்கு எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சத்தக்க பெரிய, குறையற்ற படிகம் வேண்டும்; பழைய சிறுபடிகங்கள் போதா. மீண்டும் அதே இடர்தான்: எந்தக் கரைசல், எவ்வளவு உப்பு, எத்தனை குளிர். ஜாக் அவரையின் யூரியேஸ் நெடுங்காலம் இணங்கவில்லை. இறுதியில் அதன் முழுவடிவை வரைந்து 2010-இல் வெளியிட்டவர்கள் நம் சென்னைச் சர்வகலாசாலையின் கிண்டி வளாகத்து ஆராய்ச்சியாளர் இருவர். ஸம்னரின் முதற்படிகத்துக்கும் இவ்வடிவத்துக்கும் இடையே 83 ஆண்டு என்று தம் கட்டுரையின் தலைப்பிலேயே அவர்கள் கணக்கிட்டு எழுதியுள்ளனர். ஒவ்வொன்றும் 840 கண்ணிகளையுடைய ஆறு சங்கிலிகள் கூடியது அப்புரதம். ஒவ்வொரு சங்கிலியின் வேலையிடத்திலும் நிக்கல் அணு இரண்டு அமர்ந்திருக்கின்றன.